ஓடும் காரில் மின்சாரம் போய் வருகிறதா? கடலூர், புதுச்சேரி பழைய கார் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய கார் வாங்கிய சில மாதங்களில் தலைகாட்டும் தொல்லை இது. சாவியைத் திருப்பினால் ஒரு நாள் உயிர் வருகிறது, மறுநாள் வருவதில்லை. அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மீட்டர் விளக்குகள் அணைந்து, அடுத்த கணமே எரிகின்றன. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். கோளாறு மட்டும் மாறுவதில்லை.

இந்த வட்டாரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வேலை செய்யும் என்னிடம் இது தொடர்பாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன. இவை 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு மட்டுமே. ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் பக்கம் கை போகவே கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் அணைந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சாவியை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துப்போகும், ஆனால் பலத்தைக் கூட்டித் திருப்பினால் திரும்பும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் இரண்டு, மூன்று அழுத்தங்களுக்குத்தான் மிச்சமிருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி இடது ஓரம் ஒதுங்குங்கள். அபாய விளக்கு எரியாமல் போகலாம். புதுச்சேரி–கடலூர் சாலையில் பின்னால் பேருந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். பானெட்டை அதன் பிறகு திறக்கலாம்.

பட்டறைக்கு வரும் முன் எதைக் கவனித்து வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கோளாறு நேர்ந்த அந்த நிமிடத்தில், எது செத்தது, எது பிழைத்தது என்று பாருங்கள். வந்து வந்து போகும் கோளாறுக்கு இதைவிடப் பெரிய துப்பு கிடையாது. என்னிடம் வரும்போது வண்டி சரியாகிவிட்டிருக்கும். பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஹார்ன் அடியுங்கள். உள்விளக்கைப் போடுங்கள். அபாய விளக்கை அழுத்துங்கள். ஹெட்லைட்டைப் போடுங்கள். இவை எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் மின்சாரம் பேட்டரியிலோ அதற்குப் பக்கத்திலேயோ அறுந்திருக்கிறது. பேட்டரி முனைகள், நெகட்டிவிலிருந்து போகும் எர்த் கேபிள், மெயின் பியூஸ், அது உட்காரும் போல்ட் ஆகியவற்றுக்கு வெளியே தேட வேண்டியதில்லை.

உள்விளக்கும் அபாய விளக்கும் எரிகின்றன, ஆனால் மீட்டர், வைப்பர், ஏ.சி. காற்றாடி எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன என்றால், சாவி வழியாகப் போகும் மின்சாரம் நின்றிருக்கிறது. இக்னிஷன் சுவிட்சின் பின்புறத் தொடுமுனைகள், அதன் கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி), அதற்குரிய பியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி என்று கொத்தாகத் தொங்கவிட்டு ஓட்டிய வண்டிகளில் இது அதிகம். அந்தப் பளு ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடிச் சுவிட்சைத் தேய்த்துவிடுகிறது. வண்டி நின்றிருக்கும்போது, சாவியை ஆன் நிலையில் வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தால் மீட்டர் விளக்கு மினுக்கும்.

மூன்றாவது வகையில் மீட்டர் எரிகிறது, பாட்டுப் பெட்டி பாடுகிறது, எஞ்சின் மட்டும் நின்றுவிட்டது. பலர் இதையும் 'கரன்ட் போய்விட்டது' என்றே சொல்கிறார்கள். வண்டியின் மின்சாரம் போகவில்லை. எரிபொருள் பம்ப்பின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), எஞ்சின் கணினிக்கு மின்சாரம் தரும் ரிலே, எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் என்று தேடல் வேறு பக்கம் திரும்பிவிடும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதால் தேவையின்றிப் பேட்டரி மாறிய வண்டிகள் ஏராளம்.

கடிகாரத்தையும் பாருங்கள். பல கார்களில் பேட்டரித் தொடர்பு முழுதாக அறுந்தால் கடிகாரம் தொடக்க நேரத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கணமே அணைந்து எரிந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

இவற்றோடு, கோளாறு எப்போது வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள்: மேட்டிலா, மழையிலா, நண்பகலிலா, ஏ.சி. போட்டபோதா, டிக்கியைச் சாத்தியபோதா. முடிந்தால் கைபேசியில் படம் பிடியுங்கள்.

பேட்டரியை மாற்றிவிட்டேன். பிறகும் அதே கோளாறு வருகிறது. ஏன்?

பேட்டரி பலவீனமானால் பலவீனமாகவே இருக்கும். காலையில் செல்ஃப் (ஸ்டார்ட்டர்) இழுத்து இழுத்துச் சுற்றும், நாளுக்கு நாள் மோசமாகும். திடீரென்று முழுதாகச் சாவதும், பானெட்டை ஓங்கிச் சாத்தியதும் பிழைப்பதும் பேட்டரியின் இயல்பு இல்லை. அது தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பதன் அடையாளம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பேட்டரிக்குள் ஓர் அறையை அடுத்த அறையோடு சேர்க்கும் ஈயப் பட்டை விரிசல் விட்டால், அதிர்வில் தொடர்பு அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது பேட்டரியே இந்தக் கண்ணாமூச்சியை ஆடும். ஆனால் அது அரிது. வெளியே இருக்கும் முனைகளைச் சோதித்து முடிக்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

புதுப் பேட்டரி போட்டதும் இரண்டு வாரம் நன்றாக ஓடியது என்று பலர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மாற்றும்போது டெர்மினலை, அதாவது பேட்டரி முனையைக் கவ்வும் கிளாம்ப்பை, கழற்றி, சுரண்டி, இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். குணமாக்கியது அந்தச் சுரண்டல்தான்.

டெர்மினலை நானே சுத்தம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலான கார்களுக்கு 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். முதலில் சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிவதால் அந்தப் பொறி விளையாட்டில்லை. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்.

வெள்ளையாகவும் நீலப் பச்சையாகவும் பூத்திருக்கும் பொடியை வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. காய்ந்த பின் முனையின் மேற்பரப்பையும், கிளாம்ப்பின் உள்வளையத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத கருஞ்சாம்பல் படலம் உள்வளையத்தில்தான் இருக்கிறது. வெளியே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே மெல்லிய வாஸ்லின் பூச்சு. பூட்டும் முன் உள்ளே அப்பிவிடாதீர்கள்.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பல சிறு கார்களுக்கு வரும் பேட்டரியின் முனை மெலிதாக இருக்கும். தடித்த முனைக்கான கிளாம்ப்பை அதில் மாட்டி, இடைவெளியில் தகரத் துண்டைச் செருகிவிடுகிறார்கள். ஒரே பேட்டரியிலும் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடச் சற்றுத் தடிமனானது, மாற்றிப் பொருத்தினால் ஒன்று தொளதொளக்கும். பூட்டிய கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். இம்மியளவு நகர்ந்தாலும் அது தொடர்பு இல்லை. தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அளவான கிளாம்ப் வாங்கிப் போடுங்கள்.

எர்த், எர்த் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு கேபிள் பாடிக்கும், ஒரு கேபிள் எஞ்சின் அல்லது கியர் பெட்டிக்கும் போகும். விளக்கோ பம்ப்போ ஸ்டார்ட்டரோ, எது வேலை செய்தாலும் மின்சாரம் அந்த வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். அந்த வழி கெட்டால் ஒரு பொருள் மட்டும் கெடாது. சம்பந்தமே இல்லாத பல பொருள்கள் ஒரே நேரத்தில் கிறுக்குப் பிடித்தவைபோல நடந்துகொள்ளும். இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் முள் ஆடும். பிரேக் மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்கும்.

தவளக்குப்பத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. வேகத்தடை ஏறினால் முழு இருட்டு, இறங்கினால் வெளிச்சம். புதுப் பேட்டரி, புது ஆல்டர்னேட்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட மெயின் பியூஸ் பெட்டி. எர்த் கேபிள் பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது, போல்ட்டும் இறுக்கம். கேபிளின் ரப்பர் உறையை விரல்களால் அழுத்திக்கொண்டே வந்தேன். பாடியில் பூட்டும் வளையத்திலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில் உறை மெத்தென்று அமுங்கியது. கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி கொட்டியது. அத்தனை இழைகளில் நாலைந்து மட்டும் செம்பாக மிச்சம் நின்று வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தன. வண்டிக்காரர் அந்தப் பொடியை விரலில் தொட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கேபிள் ஒன்று, பாடியின் பெயின்டைச் சுரண்டிப் போட்ட ஒரு போல்ட், அத்துடன் வேலை முடிந்தது.

வீட்டிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பிலும் கவ்வவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். சுழலும் பெல்ட்டுகளிலிருந்து கேபிள் தள்ளியிருக்கட்டும். மூச்சுவிடாத செல்ஃப் இப்போது சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி.

மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது, கேள்விதான் போதவில்லை. மல்டிமீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தில் அளக்கிறது. கேபிளில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கலாம், தேர் போக முடியாது.

அதனால் சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழிலும், கிளாம்ப்பில் இல்லாமல் குமிழிலேயே, மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. பாசிட்டிவ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட் வரை அதேபோல அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். குமிழுக்கும் அதைக் கவ்வும் கிளாம்ப்புக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

மீட்டரே இல்லாதவர்கள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு மெல்ல மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. பொசுக்கென்று முழுதாக அணைந்தால் தொடர்பு விட்டிருக்கிறது. பிரகாசம் குறையாமல் செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால் ஸ்டார்ட்டருக்கு ஆணை போகும் வழியைப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் இன்னொரு பழைய கருவி 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் இழுத்துச் செய்த டெஸ்ட் லேம்ப். அது ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுப்பதால் ஒற்றை இழைத் தொடர்பில் மங்கி அழும். ஆனால் எஞ்சின் கணினி, ஏர்பேக் வயர்களில் அதை வைக்கக் கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள்.

கடல் காற்றால் இந்தக் கோளாறு வருமா?

வரும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் இரும்பையும் அரிக்கும். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வீராம்பட்டினம், காலாப்பட்டு என்று கடலை ஒட்டிய தெருக்களில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளில் எர்த் போல்ட் துருப்பிடிப்பதை கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பகுதி வண்டிகளைவிட நான் அதிகம் காண்கிறேன். அடிப்பாகத்தை மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எஞ்சின் அறைக்குள் மட்டும் பிரஷர் குழாயைப் பிடிக்க விடாதீர்கள். கப்ளர்களுக்குள் தண்ணீரை ஏற்றி, இல்லாத கோளாறை வரவழைத்துவிடும்.

மழையில் மட்டும் கோளாறு என்றால் வைப்பருக்குக் கீழே உள்ள தட்டைத் திறந்து பாருங்கள். வேப்பிலையும் புங்க இலையும் மக்கி வடிகாலை அடைத்திருக்கும். வழியில்லாத தண்ணீர் டேஷ்போர்டின் பின்னால் இறங்கிப் பியூஸ் பெட்டியை நனைக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கார் வாங்கும் முன்பே கேளுங்கள் என்று மன்றாடுகிறேன். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம் கடலூரையும் சென்னையையும் மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் கரையோரங்களைச் சூழ்ந்தது. நனைந்த வண்டிகள் துடைக்கப்பட்டு, வாசனை தெளிக்கப்பட்டு, சந்தைக்கு வருகின்றன. பி.ஒய். 01 என்றாலும் டி.என். 31 என்றாலும் பதிவெண் இதைச் சொல்லாது.

சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு தெரிகிறதா பாருங்கள். வழக்கமாக யாரும் அதைத் துவைப்பதில்லை. இருக்கைக்குக் கீழே கையை விட்டு, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தைத் தாங்கும் போல்ட்டின் துருவைத் தடவுங்கள். ஸ்டெப்னிப் பள்ளத்தில் வண்டல் இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை அழுத்தினால் புளித்த நாற்றம் வரும். இருக்கைக்கு அடியிலுள்ள கப்ளர் பித்தளை நிறத்தை இழந்து பச்சையாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். வெள்ளம் பார்த்த வயரிங் உடனே சாவதில்லை. மாதங்கள் கழித்து, ஒவ்வொரு கப்ளராக, ஒவ்வொரு மழைக்கும் ஒரு புதுக் கோளாறாகத் தலைதூக்கும். ஓரிடத்தில் சரிசெய்து முடிக்கக்கூடிய வேலை அது இல்லை. காப்பீட்டில் முன்பு இழப்பீடு கோரப்பட்டதா என்பதையும் விற்பவரிடம் கேட்டு, தாளில் பாருங்கள்.

முந்தைய உரிமையாளர் நிறையப் பொருள்கள் மாட்டியிருக்கிறார். அவற்றால் பிரச்சினை வருமா?

பழைய காரில் நான் முதலில் தேடுவதே அவற்றைத்தான். ரிமோட் லாக், அலாரம், இரட்டை ஹார்ன், பனி விளக்கு, ஒலிபெருக்கி, பின்பக்கக் கேமரா, கடனுக்காகப் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி. இவற்றுக்கான மின்சாரத்தை இக்னிஷன் வயரின் உறையைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி எடுத்திருப்பார்கள். ஆண்டுகள் போனால் டேப்பின் பசை உருகி வழியும், முறுக்கு தளரும். சில அலாரங்கள் திருட்டைத் தடுக்க இக்னிஷன் வயரையே அறுத்து நடுவில் தங்கள் ரிலேயை வைக்கின்றன. அந்த மலிவு ரிலே ஒன்று சூடானால் ஓடும் வண்டி நின்றுவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, தொழிற்சாலை சுற்றிய துணி டேப்பின் மேல் பளபளக்கும் கறுப்பு டேப் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தேகப்படுங்கள். பயன்படுத்தாத பொருளை வயரோடு முழுதாக எடுத்துவிட்டு, அறுத்த இடத்தைப் பற்றவைத்து உறையிட வேண்டும். பிற்பாடு எரிவாயுக் கருவி பொருத்திய வண்டியில், பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மாற்றும் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

பியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய பியூஸ் போடலாமா?

கூடாது. 15 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால், பியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும். வெள்ளித்தாளோ செம்பு இழையோ சுற்றுவதும் அதே. கார் தீப்பிடிக்கும் வழிகளில் இது மிக எளிதானது.

பியூஸ் போகாமலே தொடர்பு விடுவதும் உண்டு. மெயின் பியூஸை இருபுறமும் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். அது தளர்ந்தால் சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இளகும். அந்த நிறமாற்றத்தைக் கண்டால் போல்ட்டை இறுக்கினால் மட்டும் போதாது, வெந்த தகட்டையும் மாற்ற வேண்டும்.

வெயில் நேரத்தில் நிற்கிறது, மாலையில் ஓடுகிறது. இது என்ன?

ரிலேக்குள் உள்ள பற்றவைப்பு விரிசல் விட்டால் சூட்டில் தொடர்பு போகும், ஆறினால் வரும். சந்தேகப்படும் ரிலேயையும் அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயையும் இடம் மாற்றி மாட்டிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஹார்ன் போய் எஞ்சின் பிழைத்தால் விடை கிடைத்துவிட்டது. காசில்லாத சோதனை இது. சூட்டில் எஞ்சின் மட்டும் நின்று, அரைமணி கழித்து ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சாரையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தால் எப்படித் தெரியும்?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. போட்ட பின்னும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. சில புதிய கார்களில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் அவற்றில் அளவு மாறும். பேட்டரி விளக்கு மினுக்கினால் பெல்ட், பிரஷ், பின்புறக் கப்ளர் மூன்றையும் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டைனமோ வேலை செய்கிறதா' என்று பார்க்கும் பழைய வழக்கத்தை யாரும் உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள். அந்தக் கணத்தில் எழும் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் எஞ்சின் கணினியையும் கொன்றுவிடும்.

இரவில் நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. இதுவும் அதே கோளாறா?

வேறு கோளாறு. யாரோ இரவெல்லாம் மின்சாரத்தைக் குடிக்கிறார்கள். பூட்டி அரைமணி விட்டால் வண்டி உறங்கும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. அதற்கு மேல் என்றால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் குறைகிறது என்று பார்க்க வேண்டும். டிக்கி விளக்கு, பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ். கருவி ஆகியவைதான் வழக்கமான ஆட்கள்.

எலி வயரைக் கடித்தாலும் வருமா?

ஆமாம், எலியும்தான். பேட்டரித் தட்டின் கீழே புழுக்கையோ கந்தல் பஞ்சோ கிடந்தால் வயர் கட்டைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எந்தக் கோளாறுக் குறியீடும் வரவில்லை. அப்படியானால் கோளாறு இல்லையா?

மின்சாரம் முழுதாக அறுந்தால் கணினியும் சேர்ந்து சாகிறது. செத்தது குறிப்பு எழுதாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல கார்களில் பழைய குறிப்பும் அழிந்துவிடும். அதனால் டெர்மினலைத் தொடும் முன் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். பி0562 என்றால் மின்னழுத்தம் குறைந்தது, யு0100 என்றால் எஞ்சின் கணினியோடு பேச முடியவில்லை. இவற்றைப் பார்த்ததும் கணினியை மாற்ற வேண்டும் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். கணினிக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் சுமையோடு அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

'எதை மாற்றப் போகிறீர்கள்' என்று கேட்காதீர்கள். 'எங்கே அறுகிறது என்று அளந்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். கோளாறு தெரியாமல் வண்டி நன்றாக ஓடும் நாளில் எதையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். வயர் கட்டையும் கப்ளர்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, கோளாறை வரவழைத்த பிறகுதான் கைவைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்குக் கூலி கேட்பதும் நியாயமே. மாற்றிய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் கடைகளில் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு, கோளாறு முன்பு வந்த அதே வழியில், அதே நேரத்தில், அதே ஏ.சி. சுமையோடு ஓட்டுங்கள். மேட்டில் வந்தது என்றால் அதே மேட்டில் ஏற்றுங்கள். மழையில் வந்தது என்றால் அடுத்த மழைவரை கணக்கை முடிக்காதீர்கள். எண் நிலையாக நின்றால் நல்லது. ஒரு கணம் சரிந்து எழுந்தால், அந்த இடத்தையும் சரிந்த அளவையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஈயம் மென்மையானது என்பதால் புதிதாகப் பூட்டிய கிளாம்ப் கொஞ்ச நாளில் சற்றுத் தளரும். இரண்டு வாரம் கழித்து அந்த 10 நம்பர் ஸ்பேனரால் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.